விசாவில் இருந்த ஒரு வரி

நான் வேலை செய்யும் சட்டத்தரணி அலுவலகம் ஸ்காபரோவில், கென்னடி வீதியில், ஒரு பல் வைத்தியரின் மாடியில் இருக்கிறது. எங்கள் சட்டத்தரணி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கனடாக் குடிவரவுக் கோப்புகளோடு அமெரிக்கக் கோப்புகளும் பார்ப்பார். அவருடைய தமிழ் வாசல்வரை வரும், உள்ளே வராது. ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் வந்தால் நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து மொழிபெயர்ப்பேன். அதுவும் ரெலிபோனும்தான் என் வேலை.

போன மாசி மாதம் ஒரு காலை, றிச்மண்ட் ஹில்லில் இருந்து ஒரு அன்ரி வந்தார். பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு நடந்து வந்து இருந்தார். அப்படி யாரும் செய்வதில்லை. அவருடைய மகன் மிச்சிகனில் வேலை செய்கிறான், அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டான். அங்கே ஒரு ஜேர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்யப் போகிறானாம். அந்தப் பெண் ஓ-பேர் விசாவில் வந்தவள். அதாவது ஒரு குடும்பத்தின் வீட்டோடு தங்கி, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வருடத்துக்கு வந்தவள்.

"கல்யாணம் எழுதினாலும் அவள் அங்க நிக்க ஏலாதாம், பிள்ளை" என்றார் அன்ரி என்னைப் பார்த்து. "ரண்டு வருசம் தன்ர நாட்டில போய் இருந்திட்டுத்தான் திரும்பி வரலாமாம். விசாவிலேயே அப்பிடி அடிச்சுக் கிடக்குதாம். தம்பி சாப்பிடுறானில்லை. நான் சொன்னன், சட்டம் எண்டால் சட்டம்தானே எண்டு."

அவர் குரலில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இரண்டு வருடம் என்பது நீண்ட காலம், அதற்குள் மகனின் மனம் மாறலாம் என்று அவர் நினைத்ததை நான் விளங்கிக்கொண்டேன். அதில் அவரை நான் பிழை சொல்லவில்லை.

பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்து ஒரு பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். பெண்ணின் கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த விசா. படத்துக்குப் பக்கத்தில், அடியில், பெரிய ஆங்கில எழுத்தில் அந்த வரி இருந்தது. இரண்டு வருட விதி இவருக்குப் பொருந்தும்.

அந்த வரி எனக்குப் பாடம். எழுத்துகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி என்பதுகூடப் பாடம்.

சட்டத்தரணி பிரதியைப் பார்த்தார், கூட வந்த படிவங்களைப் புரட்டினார், பிறகு பேனையை வைத்துவிட்டு என்னிடம் ஆங்கிலம் கலந்து வேகமாகச் சொன்னார். "அக்கா, அன்ரிக்குச் சொல்லுங்கோ. திஸ் இஸ் நொட் த லா. விசா குடுத்த ஒஃபிசர் அப்படி நினைச்சிருக்கிறார், அவ்வளவுதான். அந்த விதி பொருந்த மூண்டு ரீசன்தான் இருக்கு. கவன்மென்ட் காசில வந்திருக்கோணும். இல்லாட்டி அவையின்ர நாட்டுக்குத் தேவை எண்டு லிஸ்ற்றில இருக்கிற வேலையா இருக்கோணும். இல்லாட்டி டொக்டர் ட்ரெயினிங். ஜேர்மனியில இருந்து பிள்ளை பாக்க வந்த ஆளுக்கு ஒண்டுமே பொருந்தாது. வொஷிங்டனுக்கு எழுதிக் கேட்டால், பொருந்தாது எண்டு அவையே லெட்டர் தருவினம். ஷீ டஸின்ட் ஹாவ் டு கோ."

அவர் நிறுத்தினார். நான் மொழிபெயர்க்க வேண்டும். மூன்று காரணங்களையும் சொன்னேன். வொஷிங்டன் கடிதத்தைச் சொன்னேன். கடைசி வசனத்துக்கு வந்தபோது வாய் வரவில்லை. அவள் போகத் தேவையில்லை. மூன்று சொல். அன்ரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை? என்ன சொல்லுறா?"

"போகத் தேவையில்லையாம், அன்ரி" என்றேன்.

அன்ரி பிரதியைத் திரும்பப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்தார். பிறகு "அப்ப சரி" என்றார். எழும்பும்போது, "அவளுக்கு எங்கட சாப்பாடு பிடிக்குமாம்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் அந்த வரி இருந்தது. இருபது வயதில், என் கடவுச்சீட்டில்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐந்து வயதில் ஜேர்மனிக்குக் கொண்டுவரப்பட்டவள். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டுப்போன ஒரு சிறு நகரத்தில் வளர்ந்தேன். அப்பா ஒரு இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். எனக்குப் பதினான்கு வயதானபோது அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு அப்பாவும் நானும் மட்டும்தான். பதினாறு வயதில் எங்கள் இருவருக்கும் ஜேர்மன் குடியுரிமை கிடைத்தது. பள்ளிக்கூடம் முடித்ததும் அந்த வீட்டைவிட்டு ஓட ஆசைப்பட்டேன். ஓ-பேர் வேலை அதற்கு வழியாக இருந்தது. "ஒரு வருசம்தானே அப்பா" என்று சொல்லிவிட்டு நியூ ஜேர்சிக்குப் போனேன்.

அங்கே நான் பார்த்துக்கொண்டது மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றை. தாயும் தகப்பனும் நல்லவர்கள். எனக்கென்று ஒரு அறை, யன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம். மாதத்தில் ஒரு ஞாயிறு பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை நடக்கும். அங்கேதான் ஒருவரைக் கண்டேன். அவர் குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தவர், குடியுரிமை உள்ளவர், கணினி வேலை. பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் கதைக்கத் தொடங்கி, ஆறு மாதத்தில் கல்யாணம் செய்வோம் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம்.

என் வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, தேவாலயத்தில் எல்லோருக்கும் வருமான வரிப் படிவமும் குடிவரவுப் படிவமும் நிரப்பிக் கொடுக்கிற ஒரு அங்கிளிடம் போனோம். கல்யாணம் எழுதிவிட்டு அங்கேயே நின்று விசாவை நிரந்தர வதிவிடமாக மாற்றலாமா என்று கேட்கத்தான் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டு என் கடவுச்சீட்டைப் பார்த்தார்.

"ஏலாது தம்பி. இங்க பார். ரண்டு வருச விதி. இந்தப் பிள்ளை தன்ர நாட்டில போய் முழுசா ரண்டு வருசம் இருக்கோணும். அதுக்குப் பிறகுதான் மாத்தலாம்."

"எந்த நாடு அங்கிள்?" என்று நான் கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். என் மனதில் அந்த நொடி யாழ்ப்பாணம் வந்துபோனது.

"பாஸ்போட் எந்த நாடோ, அது."

"எனக்கு ரொறன்ரோவில சித்தி இருக்கிறா. அங்க போய் ரண்டு வருசம் இருந்தால் கணக்கில வராதோ? கார்ல வந்து பாக்கலாம்."

"வராது. நீர் நிரந்தரமா இருந்த இடம் ஜேர்மனி. அங்க இருக்கிற நாள்தான் நாள். விலக்குக் கேட்டு எழுதலாம், ஆனா இழுபடும். மறுத்தாலும் மறுப்பினம். பேசாமல் போய் இருந்திட்டு வாரும். ரண்டு வருசம் ஓடிப்போயிடும்."

நாங்கள் வேறு யாரிடமும் கேட்கவில்லை. இதை நான் இப்போது எத்தனை தரம் நினைக்கிறேன் என்று சொல்ல முடியாது. நகரத்தில் நூறு சட்டத்தரணிகள் இருந்திருப்பார்கள். ஒரு கதவைத் தட்டவில்லை. அச்சடித்த எழுத்தை இரண்டு பேரும் நம்பினோம். அகதிப் பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகள், அரசாங்கம் அடித்துத் தந்த காகிதத்தை எதிர்த்துக் கேள்வி கேட்கப் பழகியிருக்கவில்லை. அங்கிளில் எனக்குக் கோபம் இல்லை. அவரும் எங்களைப்போல வாசித்ததை நம்பியவர்.

நான் கல்யாணம் செய்யவிருந்தவர் விமான நிலையத்தில் சொன்னார், "எழுநூற்று முப்பது நாள். நான் எண்ணிக்கொண்டிருப்பன்." நானும் எண்ணத் தொடங்கினேன்.

அப்பா ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். வெயில் காலத்திலும் நீளக் கை வைத்த சேட்டு. முகம் மஞ்சள் பாரித்து, கழுத்தில் சட்டை பெரிதாக இருந்தது. பெட்டியை வாங்கக் கையை நீட்டியபோது, சேட்டுக் கை மேலே ஏறி, மணிக்கட்டுக்கு மேல் வெள்ளைக் கட்டு தெரிந்தது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, நான்கு மாதமாக வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனில் "நல்ல சுகம் பிள்ளை" என்று சொன்னவர்.

"நீ கேள்விப்பட்டுத்தானே வந்தனி?" என்று கேட்டார். "நான் ஆரிட்டையும் சொல்லவேண்டாம் எண்டனான். ஆர் சொன்னது?"

எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. என் தலைக்குள் எழுநூற்று இருபத்தொன்பது என்ற எண் மட்டும்தான் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன். அந்தப் பேசாமையை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அப்பா அதை எல்லோருக்கும் சொன்னார். மாடியில் இருந்த போலந்துக்காரிக்கு, பேக்கரிப் பெண்ணுக்கு, பூசைக்கு வந்த தமிழ்ச் சனத்துக்கு. வாரத்தில் மூன்று காலை ஏழரை மணிக்கு ஒரு டாக்ஸி வந்து ஹோர்ன் அடிக்கும். வைத்தியசாலையின் ஒழுங்கு. ஓட்டுநர் துருக்கிக்காரர். அவருக்கும் அப்பா தனக்குத் தெரிந்த உடைந்த ஜேர்மன் மொழியில் சொன்னார்.

தாதியர்களிடமும் வைத்தியரிடமும் சொல்வதற்கு மட்டும் அவருக்கு என் வாய் வேண்டியிருந்தது. இயந்திரத்தோடு கை கட்டுண்டு சாய்ந்திருந்தபடி சொல்லுவார், "சொல்லு பிள்ளை. என்ர மகள் அமெரிக்காவை விட்டுட்டு எனக்காகத் திரும்பி வந்தவள் எண்டு சொல்லு."

நான் சொல்லுவேன். ஜேர்மன் மொழியில், சுத்தமான உச்சரிப்பில், 'என் மகள் எனக்காகத் திரும்பி வந்தாள் என்று அப்பா சொல்கிறார்.' 'அப்பா சொல்கிறார்' என்பதை விடாமல் சேர்த்துக்கொள்ளுவேன். அது எனக்கு ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. தாதியர் என்னைப் பார்த்துப் புன்னகைப்பார்கள். ஒருத்தி என் தோளைத் தொட்டாள்.

நல்ல மகளாக நான் இருக்கவில்லை. அவருக்கு உப்பில்லாமல் சமைத்தேன், தண்ணீரை அளந்து வைத்தேன், மருந்தைப் பெட்டியில் பிரித்தேன். எல்லாவற்றையும் தண்டனை அனுபவிப்பவளைப்போலச் செய்தேன். சமையலறை நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு கீறினேன். அப்பா ஒருநாளும் அது என்ன கோடு என்று கேட்கவில்லை. நியூ ஜேர்சியில் இருந்து ரெலிபோன் வந்தால் அறைக் கதவைப் பூட்டுவேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார், எனக்குக் கேட்கட்டும் என்று. நான் அதையும் ஒட்டுக்கேட்பதற்கு என்று நினைத்தேன்.

பதினான்காவது மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் நியூ ஜேர்சியில் இருந்து அவர் ரெலிபோன் எடுத்தார்.

"எனக்கு ஏலாமல் இருக்கு" என்றார். "நான் இங்க தனிய. நீர் அங்க. வீட்டில வேற பேச்சுத் தொடங்கிட்டினம். நான் இல்லையெண்டு சொல்லிப் பாத்தன். எனக்குக் களைச்சுப்போச்சு."

"இன்னும் பத்து மாதம்தானே" என்றேன்.

"தெரியும்" என்றார். கடைசியில் யார் ரெலிபோனை வைத்தோம் என்பது எனக்கு நினைவில்லை.

வெளியே வந்தேன். அப்பா வரவேற்பறையில், கம்பளிப் போர்வையோடு இருந்தார். "தேத்தண்ணி போட்டுத் தரட்டே பிள்ளை?" என்று கேட்டார். அவருக்கு எழும்ப ஏலாத நாள் அது. நான் கத்தினேன்.

"நான் உங்களுக்காக வரேல்லை அப்பா! உங்களுக்குக் கிட்னி வருத்தம் எண்டே எனக்குத் தெரியாது. சட்டம் என்னை அனுப்பினது. ரண்டு வருசம் இருந்தாத்தான் திரும்பிப் போகலாம் எண்டு அனுப்பினது. இங்க நான் நாள் எண்ணிக்கொண்டு கிடக்கிறன். எல்லாருக்கும் சொல்லுறதை விடுங்கோ!"

அப்பா போர்வையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. "சரி பிள்ளை" என்றார். அவ்வளவுதான். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சற்றுநேரத்தில் சமையலறையில் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து எழும்பிப் போயிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து வைத்தியசாலையில் ஒரு புதிய வைத்தியர் வந்தார். இளம் பெண். அப்பாவின் கோப்பைப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். நான் அப்பாவுக்குத் தமிழில் கேட்டேன். அப்பா என் கண்ணை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, முன்பு சொன்ன அதே வசனத்தைச் சொன்னார்.

"என்ர மகள் அமெரிக்காவை விட்டுட்டு எனக்காகத் திரும்பி வந்தவள் எண்டு சொல்லு."

வைத்தியர் காத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதை மொழிபெயர்த்தேன். அன்றைக்கு 'அப்பா சொல்கிறார்' என்பது வாயில் வரவில்லை. வசனம் மட்டும் வந்தது, யாருடையது என்று தெரியாமல்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்றவா, தன்னையா. அல்லது நான் கத்தியதை நம்பவில்லையா. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. எட்டு மாதம் அதே மேசையில் இருந்து சாப்பிட்டோம்.

இருபத்திரண்டு மாதம் முடிந்து, ஒரு சனிக்கிழமை காலை, கோட்டுப் போட்டு, தொப்பி போட்டு, டாக்ஸிக்காக வாசல் கதிரையில் காத்திருந்தவர் அப்படியே போய்விட்டார். நான் சப்பாத்துக் கயிறு கட்டிவிடக் குனிந்தபோதுதான் தெரிந்தது.

அடக்கம் திங்கள் பின்னேரம். அன்றைக்குக் காலை ஏழரைக்கு ஹோர்ன் சத்தம் கேட்டது. டாக்ஸிக் கொம்பனிக்கு யாரும் அறிவிக்கவில்லை. நான் சேலை பாதி கட்டியபடி, மேலே குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே ஓடினேன். துருக்கிக்கார ஓட்டுநர் இறங்கிப் பின் கதவைத் திறந்து பிடித்திருந்தார், அப்பா ஏறுவதற்கு எப்போதும் பிடிப்பதுபோல. என் முகத்தைப் பார்த்ததும் மெதுவாகச் சாத்தினார். எஞ்சினை நிறுத்திவிட்டு, உள்ளே ஏறி, ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி பத்து நிமிடம் இருந்தார். நானும் தெருவில் நின்றேன்.

கணக்குப்படி இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போவதற்கு எனக்கு ஒரு ஆளும் இல்லை. நியூ ஜேர்சியில் அவருக்கு நிச்சயமாகிவிட்டதென்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்துக்கொள்வதற்கும் ஆள் இல்லை. ஆனாலும் அந்த ஐம்பத்திரண்டு நாளையும் நான் அந்த வீட்டில் இருந்து முடித்தேன். ரொறன்ரோச் சித்தி "உடன வா" என்று அழுதார். "இன்னும் நாள் முடியேல்லை" என்றேன். சித்தி அதை அந்திரட்டிக்கு நிற்கிறேன் என்று நினைத்தார். நாங்கள் கத்தோலிக்கர், ஆனாலும் எங்கள் வீட்டில் முப்பத்தோராம் நாளை விடுவதில்லை. அது முடிந்த பிறகும் நான் கோடு கீறினேன்.

திங்கள், புதன், சனிகளில் ஏழரைக்குச் சரியாக விழித்துக்கொள்வேன். உப்பில்லாமல் சமைத்தேன். தொலைக்காட்சியைப் போட்டால் சத்தத்தைக் குறைத்தேன். ஒரு பின்னேரம் சமையலறையில் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டு எழும்பிப் போனேன். அடுப்புக் குளிர்ந்து கிடந்தது. பயப்படவில்லை. திரும்பவும் கேட்குமோ என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைசி நாளுக்கு அடுத்த நாள், நகரசபைப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். நான் இந்த நகரத்தில் முழுதாக இரண்டு வருடம் வசித்தேன் என்று ஒரு சான்று கேட்டேன். அங்கிருந்த பெண் திகதிகளைச் சரிபார்த்து, முத்திரை குத்தித் தந்தாள். "எதற்கு?" என்று கேட்டாள். "அமெரிக்காவுக்கு" என்றேன். அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு சித்தியிடம் வந்தேன். சித்தி பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்தேன். அவர் ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்தவர், தளபாடத் தொழிற்சாலையில் வேலை. நல்ல மனிதர். நியூ ஜேர்சிக்காரரைப் பற்றிக் கல்யாணத்துக்கு முதலே சொன்னேன். "எல்லாருக்கும் ஏதோ ஒண்டு இருக்கும்தானே" என்றார். அப்பாவிடம் நான் கத்தியதை மட்டும் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு மகள். பதினான்கு வயது. இந்த வருடம்தான் என்னைவிட உயர்ந்திருக்கிறாள்.

றிச்மண்ட் ஹில் அன்ரி வந்துபோன அன்று வீட்டுக்கு வந்ததும், நிலவறையில் இருந்த பெட்டியைத் திறந்து பழைய கடவுச்சீட்டை எடுத்தேன். அடுத்த நாள் சட்டத்தரணியின் மேசையில் வைத்தேன்.

"இதையும் ஒருக்காப் பாக்கிறீங்களோ?"

பார்த்தார். என்னைப் பார்த்தார். "அக்கா, இது நீங்களோ?" படத்தில் இருந்தவளைக் காட்டிக் கேட்டார். பிறகு விசாவை வாசித்தார். "உங்களுக்கும் பொருந்தாது. சேம் திங். ஆனா இப்ப உங்களுக்கு என்னத்துக்கு? யூ லிவ் ஹியர்."

"எழுதிக் கேக்கலாமோ?"

"கேக்கலாம். பட் வை?"

நான் கடவுச்சீட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை. தானே படிவத்தை எடுத்து நிரப்பினார்.

கார்த்திகையில்தான் கடிதம் வந்தது. நான்கே வரி. தரப்பட்ட ஆவணங்களின்படி, இரண்டு வருட விதி இவருக்குப் பொருந்தாது. அதில் மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. பிழை என்ற சொல்கூட இல்லை. நான் அலுவலகக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அழவில்லை. அப்பாவுக்கு முன்னால் நின்று கத்தியது திரும்பத் திரும்பக் கேட்டது. சட்டம் என்னை அனுப்பினது. சட்டம் என்னை அனுப்பவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு அவரிடம் சொன்னது பொய். நான் உண்மை என்று நினைத்து, அவரை அடிப்பதற்காக எடுத்த ஒரே உண்மை.

அப்படியென்றால் எதற்காகத்தான் போனேன்? அவருக்காகப் போனேன் என்றும் சொல்ல ஏலாது. ஒரு காரணமும் இல்லாமல் அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். அவருடைய கடைசி இரண்டு வருடமாக அது அமைந்துவிட்டது.

அன்று பின்னேரம் கணவர் வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடிதத்தைக் காட்டினேன். முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன், கத்தியது உட்பட. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அண்டைக்கே தெரிஞ்சிருந்தால் நீர் அங்கயே நிண்டிருப்பீர்" என்றார்.

"ஓம்."

"கொப்பர் தனியச் செத்திருப்பார்."

"ஓம்."

அவர் கடிதத்தை மடித்துத் தந்தார். "அவருக்கு அந்தப் பிழை நல்லதாப் போச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும்தான்" என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மை என்றாலும் பிடிக்கவில்லை. யாரோ ஒருவருடைய கவனக்குறைவுக்கு நாங்கள் நன்றி சொல்கிற மாதிரி இருந்தது. அப்பா போட்ட அந்தத் தேத்தண்ணியை நான் அன்றைக்குக் குடிக்கவில்லை என்பது அதில் எங்கே வருகிறது?

படியில் மகள் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்து, பையைக்கூடக் கழற்றாமல், நான்காவது படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, சோ இட் வாஸ் எ டைப்போ?" என்றாள்.

"என்ன?"

"யாரோ பிழையா டைப் பண்ணிட்டினம். தட்ஸ் இட்?"

"அப்பிடித்தான் போல" என்றேன்.

அவள் யோசித்தாள். யோசிக்கும்போது அவள் சேட்டுக் கையின் நூலை இழுப்பாள். "அந்த டைப்போ இல்லையெண்டால் நீங்கள் அமெரிக்காவில. அப்ப டாட் வேற யாரையோ கல்யாணம் செய்திருப்பார்." நூல் நீண்டு வந்தது. "அப்ப நான்?"

கணவர் "போய் முகத்தைக் கழுவு" என்றார். அவள் மேலே போனாள். அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வெளியே நாலரை மணிக்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன்.

பத்து நிமிடம் இருக்கும். அவள் திரும்பி இறங்கி வந்தாள். ஃபோன் கையில் இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து, தோள் படும்படி நின்று, துண்டை எடுத்து ஈரக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் அங்கேயே நின்றாள்.